தலைவலி என்று வரும் பிள்ளைகள்: பள்ளி மாணவர் மனநலமும் மருத்துவத்தை அடையும் வழியும்



பொது மருத்துவப் புறநோயாளிப் பிரிவில் திங்கட்கிழமைகளில் பள்ளிச் சீருடையோடு வரும் பிள்ளைகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒருவருக்குத் தலைவலி, ஒருவருக்கு வயிற்றுவலி, மற்றொருவருக்கு நெஞ்சுப் படபடப்பு. உடன் வந்த தாய் அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்திருப்பார். இவர்களில் பெரும்பாலோருக்குச் சளி, காய்ச்சல், இரத்தசோகை, பார்வைக் குறைபாடு போன்ற எளிய காரணங்கள் இருக்கும். சிலருக்கோ எந்தப் பரிசோதனையிலும் காரணம் அகப்படாது. அந்தச் சிலரைப் பற்றியதே இக்கட்டுரை. நான் மனநல மருத்துவத் துறையைச் சேர்ந்தவன் அல்லன், பொது மருத்துவன். ஆயினும் மனநல மருத்துவரைச் சென்றடைய வேண்டிய பிள்ளைகள் முதலில் வந்து நிற்பது எங்கள் வாசலில்தான் என்பதால் இதை எழுத நேர்ந்தது.

நான் செய்த பிழை

சில ஆண்டுகளுக்கு முன்பு வேறொரு மருத்துவமனையில் பணியாற்றியபோது, காமயகவுண்டன்பட்டிப் பக்கமிருந்து பதினோராம் வகுப்பு மாணவி ஒருவர் தம் தாயுடன் வந்தார். அடையாளம் தெரியாதிருக்கும் பொருட்டுச் சில விவரங்களை மாற்றியே கூறுகிறேன். முதல் முறை தலைவலி. கண் பரிசோதனைக்கு அனுப்பினேன், பார்வையில் குறையில்லை. இரண்டாம் முறை வயிற்றுவலி. இரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் இயல்பாக இருந்தன. மூன்றாம் முறை உடல் அசதி. தைராய்டு அளவும் சரியாகவே இருந்தது. ஒவ்வொரு முறையும், "பயப்பட ஒன்றுமில்லை, நன்றாகச் சாப்பிடச் சொல்லுங்கள்" என்று கூறிச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பினேன். மூன்று வருகைகளிலும் அந்த மாணவியிடம் தனியாக ஒரு சொல்கூட நான் பேசவில்லை.

நான்காம் முறை வந்தபோது தாய் சற்றுக் கோபமாகவே கேட்டார்: "எல்லாம் நல்லாருக்குன்னு சொல்றீங்க சார். அப்பறம் ஏன் எம் புள்ள ராத்திரி பூரா முழிச்சுக்கிட்டே கெடக்கு?"

அதன் பின்னரே தாயைச் சிறிது நேரம் வெளியே அமரச் சொல்லிவிட்டு, செவிலியர் உடனிருக்க, அம்மாணவியிடம் தூக்கத்தைப் பற்றிக் கேட்டேன். பாடப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைக்கூடத் தொடர்ந்து படிக்க இயலவில்லை, விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது, தோழிகளோடு பேசப் பிடிக்கவில்லை, வீட்டுக்குத் தான் ஒரு பாரம் என்று தோன்றுகிறது என்று அவர் கூறினார். இவை தொடங்கி ஐந்து மாதங்களுக்கு மேல் ஆகியிருந்தன. அது மனச்சோர்வு நோய். பரிசோதனைகள் எதுவும் வீண் இல்லை. அவற்றைச் செய்யத்தான் வேண்டும். ஆனால் முடிவுகள் இயல்பாக இருந்த அன்றே கேட்டிருக்க வேண்டிய கேள்வியை நான் மூன்று முறை கேட்கத் தவறினேன்.

மனநல மருத்துவருக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். என் கடமை முடிந்தது என்றும் எண்ணிக்கொண்டேன். ஒரு மாதத்துக்குப் பிறகு விசாரித்தபோது, அவர்கள் செல்லவே இல்லை என்பது தெரிந்தது. கடிதம் வீட்டு அலமாரியில் மடித்த நிலையிலேயே இருந்தது. பரிந்துரைக் கடிதத்துக்கும் மருத்துவரின் அறைக்கும் இடையே எவ்வளவு பெரிய தூரம் இருக்கிறது என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

எவ்வளவு பேருக்கு?

பெங்களூருவின் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015–16 ஆம் ஆண்டுகளில் நடத்திய தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயதுக்குட்பட்டோரில் 7.3 சதவீதத்தினருக்கு ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு இருப்பதாகக் கண்டறிந்தது. நாற்பது மாணவர்கள் அமர்ந்திருக்கும் ஒரு வகுப்பறையில் சராசரியாக மூன்று பேர் என்று இதைக் கொள்ளலாம். உலக அளவில் 10 முதல் 19 வயதுக்குட்பட்டோரில் ஏழு பேருக்கு ஒருவர் என உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. மனநலக் கோளாறுகளில் ஏறத்தாழப் பாதி 18 வயதுக்கு முன்பே தொடங்கிவிடுகின்றன என்றும் அந்நிறுவனம் கூறுகிறது.

அதே தேசிய ஆய்வு, மனநலக் கோளாறு உள்ளவர்களில் 70 முதல் 92 சதவீதத்தினர், நோயின் வகைக்கேற்ப, உரிய மருத்துவம் பெறாமல் இருந்ததையும் காட்டியது. நீரிழிவு உள்ளவர்களில் பத்துக்கு ஏழு பேர் மருந்தே எடுக்காமல் இருந்தால் நாம் அனைவரும் பதறிப் போவோம். மனநலத்தில் அந்த நிலை இயல்பானதாகவே கடந்து செல்லப்படுகிறது.

வயதின் இயல்பா, நோயா?

பதின்பருவத்தில் கோபம், தனிமை விருப்பம், கண்ணாடி முன் நெடுநேரம் நிற்றல், பெற்றோரோடு வாக்குவாதம் ஆகியவை இயல்பானவை. தேர்வுக்கு முன் அச்சமும் இயல்பே. இவற்றை நோய் என்று எண்ணிக் கலங்க வேண்டியதில்லை. இயல்பான சோர்வு சில நாட்களில் தணியும். பிடித்த உணவு, நண்பர்கள், விளையாட்டு என்று வந்தால் பிள்ளையின் முகம் மலரும். நோய்நிலையில் அவ்வாறு மலர்வதில்லை.

பின்வரும் மாற்றங்களில் சில, இரண்டு வாரங்களுக்கு மேல் பெரும்பாலான நாட்களில் நீடித்தால் மருத்துவரிடம் பேச வேண்டும்:

• தூக்கம் வராமை, அதிகாலை விழிப்பு, அல்லது பகல் முழுதும் தூங்குதல்.
• பசி, உடல் எடை ஆகியவற்றில் வெளிப்படையான மாற்றம்.
• முன்பு விரும்பியவற்றில் நாட்டமின்மை, நண்பர்களிடமிருந்து விலகுதல்.
• காரணமற்ற எரிச்சல். பெரியவர்களிடம் சோகமாகத் தெரியும் மனச்சோர்வு, இந்த வயதில் பல வேளைகளில் கோபமாகவே வெளிப்படும்.
• மதிப்பெண்கள் திடீரெனச் சரிதல். பள்ளிக்குச் செல்ல மறுத்தல். காலையில் மட்டும் வரும் வயிற்றுவலி.
• கைகழுவுதல், சரிபார்த்தல் போன்ற ஒரே செயலை நிறுத்த முடியாமல் திரும்பத் திரும்பச் செய்தல்.
• மற்றவர்க்குக் கேட்காத குரல் கேட்பதாகக் கூறுதல். எல்லோரும் தன்னைப் பற்றியே பேசுவதாக உறுதியாக நம்புதல்.
• தன் உடலைத் தானே காயப்படுத்திக்கொண்ட தடங்கள். "நான் இல்லாவிட்டால் நல்லது" என்பது போன்ற பேச்சு.

கடைசி இரண்டில் எது தென்பட்டாலும் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம்; அன்றே உதவி நாடுங்கள்.

இங்கு ஒரு பொது மருத்துவனாக ஒன்றைச் சேர்த்துக் கூற வேண்டும். இரத்தசோகை, தைராய்டு குறைபாடு, ஒற்றைத் தலைவலி, சில வகை வலிப்பு ஆகியவையும் சோர்வையும் கவனக்குறைவையும் தரக்கூடும். ஆகவே முதலில் உடல் பரிசோதனை தேவை. ஆனால் முடிவுகள் இயல்பாக இருந்தால், "ஒன்றுமில்லை" என்று அத்துடன் முடித்துவிடக் கூடாது. "அப்படியானால் மனநலத்தையும் பார்க்க வேண்டுமா?" என்று மருத்துவரை நீங்களே கேளுங்கள். அக்கேள்விக்கு எந்த மருத்துவரும் வருந்தக் கூடாது. பிள்ளை நடிக்கிறது என்றும் எண்ணிவிடாதீர்கள். மனத்துயரால் வரும் வலி உண்மையான வலியே.

ஏன் வந்து சேர்வதில்லை?

கம்பம் பள்ளத்தாக்கின் வாழ்க்கையை அறிந்தவர்க்கு இக்கேள்வியின் விடை புரியும். காமயகவுண்டன்பட்டி, சுருளிப்பட்டி, நாராயணத்தேவன்பட்டிப் பகுதிகளில் பன்னீர் திராட்சைத் தோட்டங்களில் வேலை ஆண்டு முழுவதும் இருக்கிறது. இன்னும் பல குடும்பங்களில் தாயோ தந்தையோ விடியும் முன்பே ஜீப் ஏறி, மலைக்கு மேலே இடுக்கி மாவட்டத்தின் ஏலத்தோட்டங்களுக்குச் சென்று மாலையில் திரும்புகின்றனர். காலையில் பிள்ளை எழும்போது பெற்றோர் வீட்டில் இல்லை. இரவில் பெற்றோர் திரும்பும்போது களைப்பே மிஞ்சுகிறது. பிள்ளை உண்ணவில்லை, உறங்கவில்லை என்பது கண்ணில் படவே பல வாரங்கள் ஆகும். இது பெற்றோரின் அக்கறைக் குறைவன்று. உழைப்பின் நேரம் அப்படி அமைந்திருக்கிறது.

அடுத்த தடை, தூரமும் கூலியும். ஒருமுறை நகரத்துக்குச் சென்று வருவது என்றால் ஒரு நாள் கூலியும் பேருந்துச் செலவும் போகும். மனநல மருத்துவத்துக்குப் பல முறை செல்ல வேண்டியிருக்கும் என்பதால் தொடங்கவே தயங்குகின்றனர்.

மூன்றாவது தடை, ஊர்ப் பேச்சு. நான் முன்பு குறிப்பிட்ட தாயிடம் ஏன் செல்லவில்லை என்று கேட்டேன். "பஸ்ல யாராச்சும் பாத்து எங்க போறீங்கன்னு கேட்டா என்ன சார் சொல்றது? பொம்பளப் புள்ள, நாளைக்கு கட்டிக்குடுக்கணும்ல" என்றார். அவர் மகளை நேசிக்காதவர் அல்லர். மகளின் எதிர்காலத்தைக் காப்பதாக எண்ணியே அக்கடிதத்தை மடித்து வைத்திருந்தார்.

நான்காவது, தவறான அச்சங்கள். மருந்து பழக்கமாகிவிடும், மின்சாரம் வைப்பார்கள், பள்ளிச் சான்றிதழில் எழுதிவிடுவார்கள், பிற்காலத்தில் வேலை கிடைக்காது என்பவை அவற்றுள் சில. புறநோயாளியாக மருத்துவம் பெற்றதைப் பள்ளிக்குத் தெரிவிக்க வேண்டிய தேவை இல்லை. சான்றிதழில் அது இடம் பெறுவதும் இல்லை.

சிலர் முதலில் கோயிலுக்கோ தர்காவுக்கோ தேவாலயத்துக்கோ செல்கின்றனர். வழிபாட்டில் கிடைக்கும் ஆறுதலை நாங்கள் குறைத்து மதிப்பிடுவதில்லை. வழிபாடு தொடரட்டும்; அதனோடு மருத்துவமும் தொடங்கட்டும் என்பதே எங்கள் வேண்டுகோள். பிள்ளையை அடிப்பதும் கட்டிவைப்பதும் பட்டினி போடுவதும் எந்த நோக்கத்துடன் செய்யப்பட்டாலும் தீங்கே.

வழி எங்கே தொடங்குகிறது?

மனநல மருத்துவம் என்றால் மதுரைக்கோ சென்னைக்கோ செல்ல வேண்டும் என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வாறன்று. வீட்டுக்கு அருகிலிருந்தே தொடங்கலாம்.

முதலாவது, தொலைபேசி. 14416 என்னும் டெலி மானஸ் எண், 2022 அக்டோபர் 10 அன்று நாடு முழுவதற்குமாகத் தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டில் இது 'நட்புடன் உங்களோடு மனநல சேவை' என்ற பெயரில் இயங்குகிறது. இரவு பகல் எந்நேரமும், கட்டணமின்றி, தமிழில் பேசலாம். மாணவரே பேசலாம், பெற்றோரும் ஆசிரியரும் பேசலாம். தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் இணைப்பார்கள். பேருந்து ஏறத் தயங்குவோர்க்கு இதுவே சிறந்த முதற்படி.

இரண்டாவது, பள்ளி. வகுப்பாசிரியரிடமோ பிள்ளை மதிக்கும் வேறோர் ஆசிரியரிடமோ தனியாகப் பேசுங்கள். அரசுப் பள்ளிகளில் வைக்கப்பட்டுள்ள 'மாணவர் மனசு' பெட்டி, நேரில் சொல்லத் தயங்கும் மாணவர் தம் குறையை எழுதிப் போடுவதற்கானது. பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுவினரிடமும் கூறலாம். பள்ளிக் கல்வித் துறையின் 14417, குழந்தைகளுக்கான 1098 ஆகிய எண்களும் உள்ளன. வன்முறை, பாலியல் துன்புறுத்தல், பள்ளிப் படிப்பை நிறுத்தித் திருமணம் செய்துவைக்கும் முயற்சி போன்றவை காரணமாக இருந்தால் 1098 எண்ணை அழைப்பது மிகவும் முக்கியம்.

மூன்றாவது, உங்கள் பகுதியின் அரசு ஆரம்ப சுகாதார நிலையம். காய்ச்சலுக்குச் செல்வது போலவே செல்லலாம். யாரும் எதையும் ஊகிக்க இடமில்லை. அங்குள்ள மருத்துவர் தொடக்கநிலை மருத்துவம் அளிக்கவும் மேற்கொண்டு வழிகாட்டவும் இயலும்.

நான்காவது, மாவட்ட மனநலத் திட்டம். 1982-இல் தொடங்கிய தேசிய மனநலத் திட்டத்தின் பகுதியாக 1996-இல் உருவான இது, தமிழ்நாட்டில் முதலில் திருச்சிராப்பள்ளியில் தொடங்கிப் பின்னர் மற்ற மாவட்டங்களுக்கும் விரிந்தது. மனநல மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர், செவிலியர் ஆகியோர் அடங்கிய குழு, வட்ட அளவிலான அரசு மருத்துவமனைகளுக்குக் குறிப்பிட்ட நாட்களில் சென்று நோயாளிகளைப் பார்க்கிறது, மருந்தும் இலவசம். கம்பம், உத்தமபாளையம் பகுதியினர் தத்தம் அரசு மருத்துவமனையில் எந்த நாளில் இக்குழு வருகிறது என்று முன்கூட்டிக் கேட்டறிந்து செல்வது, ஒரு நாள் கூலி வீணாகாமல் காக்கும்.

ஐந்தாவது, தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. க.விலக்கில் உள்ள இம்மருத்துவமனையில் மனநலத் துறை இருக்கிறது. பள்ளத்தாக்கின் தென்பகுதியிலிருந்து பேருந்து மாறிச் செல்ல அரை நாள் ஆகலாம். ஆனால் எல்லாப் பிள்ளைகளும் அங்கு செல்ல வேண்டியதில்லை. நோய் கடுமையாக இருப்பவர்க்கும், முதற்கட்ட மருத்துவத்தில் முன்னேற்றம் காணாதவர்க்குமே அது தேவைப்படும். ஒருமுறை அங்கு சென்று மருத்துவத்தைத் தொடங்கியவர், தொடர் மருத்துவத்தை அருகிலேயே பெற இயலுமா என்று மருத்துவரிடம் கேட்கலாம்.

முதல் சந்திப்பில் என்ன நடக்கும்?

மருத்துவர் முதலில் பெற்றோரிடமும், பிறகு பிள்ளையிடம் தனியாகவும் பேசுவார். தனியாகப் பேசுவதைப் பெற்றோர் அவமதிப்பாகக் கருத வேண்டாம். வீட்டில் சொல்ல முடியாத ஒன்றைச் சொல்லவே பல பிள்ளைகளுக்கு அந்தச் சில நிமிடங்கள் தேவைப்படுகின்றன. பிள்ளை கூறியவை இரகசியமாகக் காக்கப்படும். உயிருக்கு ஆபத்து என்றாலோ, பாலியல் துன்புறுத்தல் நிகழ்ந்திருந்தாலோ மட்டும் உரியவர்களுக்குத் தெரிவிக்க வேண்டிய கடமை மருத்துவருக்கு உண்டு. இதைப் பிள்ளையிடமும் முதலிலேயே கூறிவிடுவார்.

செல்லும்போது மூன்றை எடுத்துச் செல்லுங்கள்: முன்பு செய்த பரிசோதனை முடிவுகள், தற்போது உட்கொள்ளும் மருந்துகள், மாற்றங்கள் எப்போது தொடங்கின என்ற ஒரு சிறு குறிப்பு. "சித்திரைத் திருவிழாவுக்குப் பிறகு", "காலாண்டுத் தேர்வுக்கு முன்" என்று நினைவில் உள்ளபடி எழுதினாலே போதும்.

மிதமான நிலையில், உளவியல் ஆலோசனை மட்டுமே போதுமானதாக இருக்கும். இதில் அறிவுரை கூறுவதில்லை. எண்ணங்களையும் செயல்களையும் சிறிது சிறிதாக மாற்றிக்கொள்ளும் பயிற்சி அது. உறக்க ஒழுங்கு, உடற்பயிற்சி, வீட்டிலுள்ளோர் நடந்துகொள்ளும் முறை ஆகியவையும் அதில் அடங்கும். கடுமையான நிலையில் மருந்து தேவைப்படும். மனச்சோர்வுக்குத் தரப்படும் ஃபுளுவாக்ஸெட்டின் போன்ற மருந்துகள் போதை தருபவை அல்ல. பலன் தெரிய இரண்டு முதல் ஆறு வாரங்கள் ஆகும். முதல் வாரத்தில் குணமில்லை என்று நிறுத்திவிடுவதே நாங்கள் அதிகம் காணும் தவறு. அதே வேளையில், தொடக்க வாரங்களில் சிலருக்கு அமைதியின்மையோ தற்கொலை எண்ணமோ கூடக்கூடும் என்பதால் பெற்றோர் அருகிருந்து கவனிக்க வேண்டும். மாற்றம் தெரிந்தால் உடனே மருத்துவரிடம் கூற வேண்டும். நலமடைந்த பின்னரும் சில மாதங்கள் மருந்தைத் தொடர்ந்து, மருத்துவர் கூறும் முறையில் படிப்படியாகவே நிறுத்த வேண்டும். மாத்திரைகளைப் பெரியவர் ஒருவர் தம் பொறுப்பில் வைத்து நாள்தோறும் கொடுப்பது நல்லது.

சட்டம் தரும் பாதுகாப்பு

2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2018 மே மாதத்திலிருந்து நடைமுறையில் உள்ளது. அரசு நடத்தும் அல்லது அரசு நிதி பெறும் மருத்துவ நிலையங்களில் மனநல மருத்துவம் பெறுவது ஒவ்வொருவரின் உரிமை என்று அது கூறுகிறது. நோயாளியைப் பற்றிய செய்திகளை இரகசியமாகக் காக்க வேண்டும் என்றும் விதிக்கிறது. 18 வயதுக்குட்பட்டோரை உள்நோயாளியாகச் சேர்ப்பது விதிவிலக்கான நிலையில் மட்டுமே. அப்போதும் பெரியவர்களிடமிருந்து தனியான இடத்தில், பாதுகாவலர் தரப்பில் ஒருவர் உடனிருக்க வேண்டும். மின்னதிர்வு மருத்துவம் சிறாருக்குத் தடை செய்யப்பட்டுள்ளது. பாதுகாவலரின் சம்மதமும் மனநல வாரியத்தின் முன் அனுமதியும் இன்றி அதை அளிக்க முடியாது. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்பட வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்று அச்சட்டத்தின் 115-ஆம் பிரிவு கூறுகிறது. ஆகவே வழக்குக்கு அஞ்சி, அத்தகைய பிள்ளையை மருத்துவமனைக்குக் கொண்டுவராமல் இருக்கவோ, நடந்ததை மருத்துவரிடம் மறைக்கவோ வேண்டாம்.

உயிரைக் காக்கும் இரு செயல்கள்

முதலாவது, கேட்பது. "சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா?" என்று பிள்ளையிடம் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பெற்றோர் அஞ்சுகின்றனர். அப்படி நிகழ்வதில்லை. அமைதியாகக் கேட்கும்போது, தனியே சுமந்ததைப் பகிர ஒருவர் கிடைத்தார் என்ற ஆறுதலே பிள்ளைக்கு ஏற்படுகிறது. ஆம் என்று விடை வந்தால், திட்டாதீர்கள், சத்தியம் வாங்காதீர்கள், தனியே விடாதீர்கள். அன்றே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்.

இரண்டாவது, பூச்சிமருந்தைப் பூட்டி வைப்பது. தோட்டம் வைத்திருக்கும் நம் பகுதிக் குடும்பங்களுக்கு இதை அழுத்திக் கூற விரும்புகிறேன். இந்த வயதினரின் தற்கொலை முயற்சிகளில் பல, நெடுநாள் திட்டமிட்டவை அல்ல; ஒரு சண்டை, ஒரு மதிப்பெண், ஒரு கடுஞ்சொல் என அந்த நேரத்து வேதனையில் நிகழ்பவை. அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் மருந்து இல்லாவிட்டால் பல உயிர்கள் தப்பும். கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பகுதிக் கிராமங்களில், மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் குழுவினர், உழவர்கள் தம் பூச்சிமருந்தை வங்கிப் பெட்டகம் போன்ற பொதுப் பூட்டறையில் வைத்து எடுக்கும் ஏற்பாட்டைச் செய்துபார்த்தனர். ஊர்மக்கள் அதை ஏற்றுக்கொண்டனர் என்று 2013-இல் வெளியான அவர்களின் ஆய்வு காட்டியது. பொதுப் பூட்டறை இல்லாத ஊரிலும், வீட்டுக்கு வெளியே தோட்டத்தில் பூட்டிய பெட்டி ஒன்றை வைத்துச் சாவியைப் பெரியவர் வைத்துக்கொள்ள இயலும். தேவைக்கு மேல் வாங்கி வீட்டில் சேர்த்து வைக்காதீர்கள்.

பிள்ளை எதையேனும் குடித்துவிட்டது என்ற ஐயம் எழுந்தால், பார்ப்பதற்கு நலமாக இருந்தாலும் உடனே 108-ஐ அழையுங்கள். உப்புக் கரைசலோ வேறு எதுவோ கொடுத்து வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள். புட்டியையோ பொட்டலத்தையோ உடன் கொண்டுவாருங்கள்.

தேர்வு முடிவு நாட்களுக்கு ஒரு சொல்: பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் தேர்ச்சி பெறாதவர்க்குச் சில வாரங்களிலேயே துணைத்தேர்வு நடத்தப்படுகிறது, அதே ஆண்டில் மேற்படிப்பில் சேரவும் வாய்ப்புண்டு. முடிவு வெளிவரும் முன்பே இதைப் பிள்ளையிடம் சொல்லி வையுங்கள். அந்த நாளில் வீட்டில் ஒருவர் வேலைக்குச் செல்லாமல் உடனிருங்கள்.

ஒருவர் உடன் செல்ல வேண்டும்

அலமாரியில் இருந்த கடிதத்தின் கதையை முடிக்க வேண்டும். அம்மாணவியின் வகுப்பாசிரியை, பெண் தொடர்ந்து விடுப்பு எடுப்பதைக் கண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே சென்றிருக்கிறார். தாயிடம் நெடுநேரம் பேசியிருக்கிறார். "நானும் கூட வர்றேன்க்கா. கேட்டா ஆஸ்பத்திரிக்குப் போறோம்னு சொல்லுவோம், அது பொய்யில்லையே" என்று கூறி, அடுத்த வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு மூவருமாகச் சென்றிருக்கின்றனர். முதல் பயணத்துக்கு மட்டுமே அவர் துணை தேவைப்பட்டது. பிறகு தாயும் மகளுமே சென்று வந்தனர்.

குணமடைதல் நேர்கோட்டில் நடக்கவில்லை. மூன்றாம் மாதம் மருந்தை அவர்களாகவே நிறுத்த, நோய் திரும்பியது; மீண்டும் தொடங்க வேண்டியதாயிற்று. பன்னிரண்டாம் வகுப்பை ஓராண்டு தாமதமாக முடித்தார். இப்போது உறங்குகிறார், படிக்கிறார், தோழிகளுடன் சண்டையும் போடுகிறார் என்று தாய் கூறினார். நான் முதல் நாளே கேட்டிருந்தால் அந்த ஓராண்டு மிஞ்சியிருக்குமோ என்ற எண்ணம் எனக்கு இன்னும் உண்டு. அன்றிலிருந்து, காரணம் புலப்படாத வலியோடு வரும் ஒவ்வொரு மாணவரிடமும் உறக்கத்தைப் பற்றிக் கேட்கிறேன், பரிந்துரைக் கடிதம் கொடுத்தால், "யார் உடன் செல்வார்கள், எந்த நாளில்?" என்பதையும் கேட்டு எழுதிக்கொள்கிறேன்.

உங்களிடமும் அதையே வேண்டுகிறேன். உங்கள் வீட்டிலோ, அடுத்த வீட்டிலோ இப்படி ஒரு பிள்ளை இருந்தால், உடன் செல்லும் அந்த ஒருவராக இருங்கள். பெற்றோருக்கு வேலை நாள் என்றால் அத்தை செல்லலாம், தாத்தா செல்லலாம், ஆசிரியர் செல்லலாம். அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது உங்கள் மனத்தில் உள்ள ஐயத்தை எங்களிடம் தயங்காமல் கேளுங்கள். பொது மருத்துவப் பிரிவிலேயே கேட்கலாம்.

நினைவில் கொள்ள வேண்டிய எண்கள்

மனநல உதவி, 24 மணி நேரமும்: 14416
குழந்தைகள் உதவி எண்: 1098
பள்ளி மாணவர் உதவி எண்: 14417
மருத்துவ ஆலோசனை: 104
அவசர ஊர்தி: 108